இறகு சொல்வதும் சொல்லாததும்

சென்னையில் தி. நகரிலோ அடையாறிலோ கறிக்கடைக்குப் போகிறவர்கள் கூண்டைப் பார்த்ததுமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வெள்ளையாக இருந்தால் பிராய்லர். சிவப்பும் கறுப்பும், புள்ளியும் வரியுமாக இருந்தால் நாட்டுக்கோழி. இந்த ஒரு பார்வையிலேயே விலை வெகுவாக ஏறிவிடுகிறது. கறி கெட்டியாக இருக்கும், குழம்பில் சாறு இறங்கும், உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைகள் எல்லாம் இறகின் நிறத்தை நம்பியே பணமாகின்றன. ஆனால் கோழி இறகிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. அதன் நிறம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அதன் தரம், அதாவது மினுமினுப்பும் உறுதியும் அடர்த்தியும், எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. நிறம் கோழியின் மரபில் மிகச் சிறிய ஒரு பகுதியை மட்டுமே சொல்லும். தரம் அந்தக் கோழி எப்படி வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். கடைக்காரர் காட்டுவதும் வாங்குபவர் பார்ப்பதும் நிறத்தை. அறியவேண்டியதோ வளர்ப்பையும் வயதையும்.

கோழியின் இறகுக்கு நிறம் தருவது பெரும்பாலும் மெலனின் என்ற நிறமி. நம் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் தருவது இதே நிறமிக் குடும்பம்தான். இதில் இரண்டு வகை உண்டு. யூமெலனின் கறுப்பையும் கரும்பழுப்பையும் தரும். ஃபியோமெலனின் செம்மையையும் பொன்னிறத்தையும் தரும். இறகு முளைக்கும் குழிக்குள் இருக்கும் நிறமிச் செல்கள், வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் இவற்றை ஊட்டுகின்றன. எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் ஊட்டுவது என்பதை ஒரு சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. எம்சி1ஆர் என்ற மரபணு ஒரு வடிவில் இருந்தால் உடல் முழுவதும் கறுக்கும். வேறொரு வடிவில் காட்டுக்கோழியின் செம்பொன் கோலம் வரும். இன்னொரு மரபணு வெள்ளைக் குறுக்குவரிகளைப் போடும். மற்றொன்று பொன்னிறத்தை வெள்ளியாக மாற்றும். 2004இல் கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழியின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது, ஏறத்தாழ நூறு கோடி எழுத்துகளும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களும் அதில் இருப்பது தெரியவந்தது. கண்ணில் படும் நிறவேறுபாடுகளில் பெரும்பகுதியை விளக்க அவற்றில் ஒரு கைப்பிடி போதும். ஆனால் வளரும் வேகம், முட்டை எண்ணிக்கை, நோய் தாங்கும் திறன் ஆகியவற்றின் பின்னால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறுசிறு பங்குடன் நிற்கின்றன. இந்த வேறுபாட்டை மறந்தால்தான் இறகைப் பார்த்துக் கறியை மதிப்பிடத் தோன்றும்.

வெள்ளை லெகார்ன் கோழியை எடுத்துக்கொள்வோம். அது வெள்ளையாக இருப்பதற்கு முதற்காரணம் பிஎம்இஎல்17 என்ற மரபணுவில் நேர்ந்த சிறு செருகல், வெறும் ஒன்பது எழுத்துகள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2004இல் இதை வெளியிட்டார்கள். இந்த வடிவம் ஓங்கு பண்பு கொண்டது. ஒரு பிரதி இருந்தாலே கறுப்பைப் பெருமளவு அழுத்திவிடும். இப்போது ஒரு வளர்ப்பாளர் வேகமாக வளரும் வெள்ளைக் கோழியின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு இறகை மட்டும் வண்ணமாக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணக் கோழி ஒன்றோடு ஒருமுறை கலந்து, பிறந்தவற்றில் நிற மரபணுவைச் சுமப்பவற்றைத் தேர்ந்து மீண்டும் மீண்டும் வெள்ளைக் குடும்பத்தோடு சேர்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் வண்ணக் கோழியின் பங்கு சராசரியாகப் பாதியாகக் குறையும். ஆறு முறை இப்படித் திருப்பிச் சேர்த்தால் அதன் பங்கு 128இல் ஒன்று, ஒரு சதவீதத்துக்கும் கீழே. கடைசியில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இணைசேர்த்து நிறத்தை நிலைநிறுத்தினால், இறகில் நாட்டுக்கோழியாகவும் மற்ற எல்லாவற்றிலும் பண்ணைக் கோழியாகவும் ஒரு பறவை கிடைக்கும். இவ்வளவு சிரமம்கூடத் தேவையில்லை. வேகமாக வளரும் வண்ண இனங்கள் சந்தையில் ஏற்கெனவே இருக்கின்றன. மறுபக்கம், சிறுவிடை எனப்படும் கிராமத்து நாட்டுக்கோழிகளிலேயே வெள்ளையாகப் பிறப்பவையும் உண்டு. சென்னைக்கு வந்தால் அவற்றை யாரும் நாட்டுக்கோழி என்று நம்பமாட்டார்கள்.

ரத்த உறவைத் தேடிப் போனால் நிறம் இன்னும் ஏமாற்றும். இன்றைய பிராய்லரின் அகன்ற நெஞ்சு கார்னிஷ் என்ற இனத்தின் வழியாக வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் அந்த இனத்தை உருவாக்கியவர்கள் இந்தியாவின் அசில் சேவல்களைப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் அங்கே அதற்கு இந்தியச் சண்டைக்கோழி என்ற பெயரே இருந்தது. நம் ஊரில் பெருவிடை என்று வளர்க்கப்படும் சண்டைச் சேவல்கள் அந்த அசில் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடைக் கூண்டில் இருக்கும் வெள்ளைப் பிராய்லரின் உடம்பில் அசிலின் பங்கு உண்டு. அருகில் இருக்கும் சிவப்புக் கோழியின் செம்மையோ அமெரிக்காவின் ரோட் ஐலண்டு ரெட் என்ற இனத்திலிருந்து வந்திருக்கலாம். மஞ்சள் காலும் அப்படித்தான். கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்றாலும், தோலையும் காலையும் மஞ்சளாக்கும் மரபணு வடிவம் அதிலிருந்து வரவில்லை. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008இல் நிறுவப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் அந்தப் பறவையின் முத்திரை இன்று உலகெங்கும் உள்ள லெகார்ன் காலிலும் பிராய்லர் காலிலும் இருக்கிறது. வெளித்தோற்றத்தின் ஒவ்வொரு கூறும் தனித்தனி வழியில் பயணம் செய்து ஒரே உடலில் வந்து கூடியிருக்கிறது. ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஊகிப்பது சரிவராது.

அப்படியானால் பண்ணைக் கோழி ஏன் வெள்ளையாகவே இருக்கிறது? அதற்குக் காரணம் சுவையோ சத்தோ அல்ல, தோலின் தோற்றம். மேலைநாடுகளில் கோழியைத் தோலோடு விற்கிறார்கள். இறகு பிடுங்கிய பிறகும் தோலுக்குள் பாதி புதைந்திருக்கும் இளங்குருத்து இறகுகள் கறுப்பாக இருந்தால் கறை போலத் தெரியும். வெள்ளையாக இருந்தால் கண்ணில் படாது. சென்னையில் பிராய்லரைப் பெரும்பாலும் தோலுரித்தே வாங்குகிறோம். ஆக, வெள்ளையைத் தேர்ந்தெடுத்த அந்தக் காரணம் நம் சமையலறைக்குப் பெரிதாகப் பொருந்தவே இல்லை. நாட்டுக்கோழியைத்தான் நாம் தோலோடு, தீயில் வாட்டி மஞ்சள் தடவி வெட்டுகிறோம். அங்கே கருங்குருத்து தெரிவதைக் குறையாக எண்ணாமல் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறோம். ஓர் ஊரில் குறையாக எண்ணி நீக்கிய நிறத்தை இன்னோர் ஊரில் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகிறார்கள் என்றால், அந்த மதிப்பு பறவையின் குணத்திலிருந்து வரவில்லை, பழக்கத்திலிருந்து வந்தது என்று கொள்வதே நியாயம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நிறத்துக்கு மதிப்பே இல்லையென்றால் அரசு ஆய்வு நிலையங்கள் ஏன் வண்ணக் கோழிகளை உருவாக்கின? தி. நகருக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையிலுள்ள நந்தனத்திலேயே அதற்குச் சான்று இருந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இயங்கியது. பிறகு மாதவரத்துக்கு இடம் மாறியது. நந்தனம் கோழி என்று பெயர் பெற்ற வண்ணக் கோழிகளும், நந்தனம் காடையும், நந்தனம் வான்கோழியும் அந்த நிலையத்தின் படைப்புகள். சென்னையின் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்களின் புறக்கடைகள்வரை சென்றது இப்படித்தான். ஹைதராபாத்தில் உருவான வனராஜாவும் பெங்களூரில் உருவான கிரிராஜாவும் இதே நோக்கம் கொண்டவை. கொல்லையில் மேயும் கோழிக்கு நிறம் உண்மையாகவே பயன்படுகிறது. மண்ணோடும் சருகோடும் கலந்து தெரியும் பறவையைவிட, வெள்ளைப் பறவை பருந்தின் கண்ணில் எளிதாகப் படும். கூண்டுக்குள் இருக்கும் பறவைக்கு இந்தக் கவலை கிடையாது. ஆக, அந்த ஆய்வாளர்கள் நிறத்தைத் தேர்ந்தது கறியின் சுவைக்காக அல்ல. திறந்தவெளியில் பறவை பிழைப்பதற்காகவும், வண்ணக் கோழியைத்தான் மக்கள் வாங்குவார்கள் என்பதற்காகவும். இரண்டும் நேர்மையான காரணங்கள். அதே நிறத்தைச் சந்தையில் ‘அசல் நாட்டுக்கோழி’ என்பதற்குச் சான்றிதழாகக் காட்டும்போதுதான் நேர்மை போய்விடுகிறது.

நிறம் நடத்தையோடு தொடர்புடையது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. அதை மறைப்பது சரியல்ல. அடைத்து வளர்க்கும் கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கும். செங்காட்டுக்கோழியையும் வெள்ளை லெகார்னையும் கலந்து பெற்ற பறவைகளைக் கவனித்தபோது, மேலே சொன்ன பிஎம்இஎல்17 மரபணு காட்டு வடிவில் இருந்த நிறமுள்ள பறவைகள் அதிகம் கொத்துப்பட்டன. வெள்ளை வடிவம் கொண்டவை குறைவாகவே கொத்துப்பட்டன. இதுவும் 2004இல் வெளியானதே. ஆனால் இந்த முடிவு சொல்வது, கொத்துபவற்றின் இயல்பைவிடக் கொத்துப்படுபவற்றின் தோற்றத்தைப் பற்றித்தான். நெருக்கடியான கொட்டகையில் நிறம் ஒரு பறவையைப் பலியாக்கலாம்; அதன் உடலையோ கறியையோ அது மாற்றிவிட்டது என்பதற்கு இது சான்றாகாது.

வளர்ப்பாளர்கள் நிறத்தைக் கருவியாகப் பயன்படுத்தும் விதமே என்னைப் பெரிதும் கவர்கிறது. முட்டைப் பண்ணைக்குப் பெட்டைக் குஞ்சு மட்டும்தான் வேண்டும். பொரித்த அன்றே சேவல் குஞ்சையும் பெட்டைக் குஞ்சையும் பிரித்தறிவது எளிதல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனம் அரிதானபோது, கேம்பிரிட்ஜின் மரபியலாளர் புன்னெட் இதற்கு நிறத்தையே பயன்படுத்தலாம் என்றார். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். வெள்ளி நிறத்தைத் தரும் மரபணு இசட்டில் இருக்கிறது, அது பொன்னிறத்தை மீறி ஓங்கும். பொன்னிறச் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் இணைத்தால் என்ன நடக்கும்? மகள்களுக்கு ஒரே இசட், அதுவும் தகப்பனிடமிருந்து. ஆகவே அவை பொன்னிறம். மகன்களுக்குத் தாயின் இசட்டும் வந்து சேர்வதால் அவை வெளிறிய வெள்ளி. குஞ்சின் தூவியைப் பார்த்தாலே போதும். இறகு முளைக்கும் வேகத்தைக் கொண்டு பிரிக்கும் முறையும் இதே தர்க்கத்தில் அமைந்தது: மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது, சரியாக இணைசேர்த்தால், முதல்நாள் சிறகுக் குருத்துகளின் நீளமே பாலினத்தைச் சொல்லிவிடும். சென்னைத் தெருக்களில் பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் தோய்த்து விற்கப்பட்ட கோழிக்குஞ்சுகள் பலருக்கு நினைவிருக்கும். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். சாயம் ஏறியது தூவியில் மட்டுமே. சில வாரங்களில் தூவி உதிர்ந்து உண்மையான இறகு முளைக்கும்போது நிறமும் போய்விடும். அதுவரை பிழைத்திருக்கும் குஞ்சுகள் சிலவே. இந்த விற்பனையை ஆதரிக்க எந்த நியாயமும் இல்லை.

அடுத்த மறுப்பு தமிழ் மரபுக்குள்ளிருந்தே வருகிறது. சேவல் வளர்ப்பவர்கள் இறகின் நிறத்தைப் பார்த்துக் காகம், கீரி, வல்லூறு, மயில் என்று வகைபிரிக்கிறார்கள். எந்த நிறச் சேவல் எந்த நேரத்தில் எதனோடு மோதினால் வெல்லும் என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தக் கணக்குக்கு, பறவைகளை வைத்து நேரம் கணிக்கும் பஞ்சபட்சி சாத்திரத்தோடு உறவு உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சேவலோடு வாழ்ந்தவர்களின் கண்ணை ஒதுக்கிவிடலாமா என்று கேட்பது நியாயமே. என் பதில்: அவர்கள் கண்டது உண்மையாக இருந்திருக்கலாம், அதன் காரணம் நிறமாக இருக்கத் தேவையில்லை. ஒரு குடும்பம் தன் சேவல்களை வெளியில் கலக்காமல் பல தலைமுறை காத்துவந்தால், அந்த வம்சத்தின் வேகமும் வீம்பும் அதன் நிறமும் ஒன்றாகவே கடத்தப்படும். அப்போது நிறம் அந்த வம்சத்தின் அடையாளக்குறியாக உதவும். வெளியிலிருந்து ஒரு பெட்டை வந்து கலந்துவிட்டால் அடுத்த இரண்டு தலைமுறைக்குள் நிறம் ஒரு பக்கமும் குணம் இன்னொரு பக்கமும் பிரிந்துபோகும். மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை வில்லியம் பேட்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிகளைக் கொண்டுதான் காட்டினார். நீல ஆண்டலூசியன் கோழி இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். நீலத்தையும் நீலத்தையும் இணைத்தாலும் பாதிக் குஞ்சுகளே நீலமாகும். மீதியில் சரிபாதி கறுப்பு, சரிபாதி அழுக்கு வெள்ளை. எவ்வளவு தூய வம்சமானாலும் அந்த நீலம் நிலைக்காது. ஒரே தாய் தகப்பனுக்கு, ஒரே அடையில் பிறந்த மூன்று நிறக் குஞ்சுகளுக்கு மூன்று வேறு குணங்களைச் சொல்வது எப்படி?

கருங்கோழி என்று சென்னையில் விற்கப்படும் கடக்நாத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதிக்கு உரிய இந்தக் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதன் சிறப்பு இறகின் கறுப்பு அல்ல; தோல், தசை, எலும்புறை, உள்ளுறுப்புகள்வரை ஊடுருவிய கறுப்பு. அதற்குக் காரணம் இடிஎன்3 என்ற மரபணு அமைந்த பகுதி இரட்டித்திருப்பது. இறகைக் கறுப்பாக்கும் மரபணு வேறு. ஆகவே கறுத்த இறகுள்ள கோழியெல்லாம் கடக்நாத் அல்ல. இரண்டையும் குழப்பி விற்பவர்கள் நம்பியிருப்பது, வாங்குபவர் இறகோடு பார்வையை நிறுத்திக்கொள்வார் என்பதைத்தான்.

இனி தரத்துக்கு வருவோம். இறகு ஏறத்தாழ முழுக்கக் கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதத்துக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் ஏராளமாக வேண்டும். சோளமும் சோயாவும் மட்டுமே உண்ணும் கோழிக்கு மெத்தியோனின் போதாது. அதனால்தான் பண்ணைத் தீவனத்தில் அதைத் தனியாகச் சேர்க்கிறார்கள். மேய்ச்சல் கோழி அந்தக் குறையைப் புழு பூச்சியால் ஈடுகட்டுகிறது. குஞ்சுகளுக்குப் பானையில் கரையான் வளர்த்துக் கொடுக்கும் கிராமத்து வழக்கத்தின் அறிவு இதில் இருக்கிறது. இறகு வளரும் நாட்களில் பசியோ நோயோ கடும் அச்சமோ நேர்ந்தால், அந்த நாளில் உருவான பகுதி மெலிந்து இறகின் குறுக்கே ஒரு கோடாகப் பதிந்துவிடும். பின்னால் அந்த இடத்திலேயே இறகு முறியும். ஒரு மரத்தின் வளையங்களைப் போல, வளர்ந்த காலத்தின் நலமும் கேடும் இறகில் எழுதப்பட்டிருக்கின்றன. நிறத்தைவிட இதைப் படிக்கக் கற்றுக்கொள்வது வாங்குபவருக்குப் பயன்படும். வால்புறம் சிதைந்து, முதுகு வெறுமையாகி, இறகு மங்கிக் கிடக்கும் கோழி எந்த நிறத்தில் இருந்தாலும் நெருக்கடியில் வளர்ந்தது என்றே ஐயப்படலாம்.

தரத்திலும் மரபின் பங்கு உண்டு. ஆனால் அது நிறத்தைப் போல ஒரு மரபணுவில் கைக்குச் சிக்குவதில்லை. தூண்டிலில் பூச்சி போலக் கட்டப்படும் இறகுக்காகவே அமெரிக்காவில் சேவல் வளர்க்கிறார்கள். நீளம், காம்பின் வளைந்துகொடுக்கும் தன்மை, இழைகளின் விறைப்பு எல்லாவற்றையும் அளந்து பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்தே அந்தச் சேவல்களை உருவாக்கினார்கள். ஹென்றி ஹாஃப்மன் வளர்த்தெடுத்த குடும்பத்தை 1989இல் வாங்கிய டாம் வைட்டிங், கோழி மரபியல் படித்தவர். அதை மேலும் முன்னேற்றினார். வரிபோட்ட சாம்பல் நிறத்தை அங்கே ஒரே மரபணுவால் கொண்டுவந்துவிடலாம். நல்ல இழைக்குத்தான் மனித ஆயுளில் பாதி வேண்டியிருந்தது. அதே தூண்டில்காரர்கள் ஒருகாலத்தில் மிகவும் விரும்பியது, நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்தில் மெழுகுத்துளி போல் பளபளக்கும் இறகை. அதற்காகப் பறவைகள் வேட்டையாடப்பட்டன. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. தமிழ்நாட்டின் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களும் பொறுமையான தேர்வின் விளைவுதான். கண்காட்சிகளில் லட்சக்கணக்கில் விலை பேசப்படும் அந்த வாலின் நீளத்தையும் விரிவையும் மரபும் தீனியும் பராமரிப்பும் சேர்ந்தே தருகின்றன. ஒன்று குறைந்தாலும் வால் கெட்டுவிடும்.

இறகின் அளவும் தரத்தைச் சேர்ந்ததே. சென்னையின் மே மாத வெயிலில் இறகுப்போர்வை கோழிக்குச் சுமை. கழுத்தில் இறகே இல்லாத கோழிகளுக்குக் காரணமான மரபணு ஒரு பிரதி இருந்தால் மொத்த இறகு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், இரண்டு பிரதி இருந்தால் அதைப்போல் இருமடங்கும் குறையும். உடல் வெப்பம் எளிதில் வெளியேறுவதால் வெயில் காலத்தில் இந்தக் கோழிகள் நன்றாகத் தாங்குகின்றன. இசத்நகரிலுள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் இந்தப் பண்பைக் கொண்டே ஹித்காரி என்ற கோழியை உருவாக்கியது. பார்க்க அழகில்லை என்று சந்தை ஒதுக்கும் இந்தப் பறவைதான் நம் தட்பவெப்பத்துக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. அதற்குக் கிடைக்காத ஆதரவு, அர்த்தமில்லாத வண்ணத்துக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

மக்கள் விரும்பும் நிறத்தை விற்பதில் என்ன தவறு என்று இன்னும் கேட்கலாம். நிறத்தை நிறமாக விற்றால் தவறில்லை. நாட்டுக்கோழியின் கெட்டிக் கறி, அது பல மாதம் உயிரோடு இருந்து ஓடித் திரிந்து மேய்ந்ததால் வருவது. பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். சிறுவிடைக் கோழி அதில் பாதிக்குச் சற்று மேலே வரவே நாலைந்து மாதம் ஆகும். அந்த மாதங்களின் தீவனத்துக்கும் உழைப்புக்கும்தான் கூடுதல் விலை. எட்டு வாரத்தில் வளர்ந்த வண்ணக் கோழிக்கு அந்த விலையைக் கொடுத்தால், ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல. உண்மையிலேயே ஐந்து மாதம் வளர்த்த கிராமத்துப் பெண்ணின் கோழிக்கும் சந்தையில் இடமில்லாமல் போகிறது. ஆகவே அடுத்தமுறை கடையில் நிற்கும்போது நிறத்தை விட்டுவிட்டு வயதைக் கேளுங்கள், எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். சேவலானால் காலில் முள் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்செலும்பின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள்: குருத்தெலும்பாக வளைந்தால் பறவை இளசு, விறைத்து நின்றால் முற்றியது.